லயத்துக்குப் பின்னால மண் வெடிச்சிருக்கு, ராவுல மழை கொட்டினா என்ன செய்றது?

மேட்டுலயத்தான்:
அப்புத்தளைப் பக்கம் தோட்டம். பணிய லயத்துல, அதாவது கீழ இருக்கிற தொழிலாளர் வரிசை வீட்டுல, 12 காம்பரா (அறை), பின்னால தேயிலை மலை, அங்க தண்ணிக் கான் ஓரமா ஒரு வெடிப்பு, போன வருஷம் விரல் நுழைஞ்சிச்சி இப்ப என் காலே நுழையுது. சொல்ல வேண்டிய எடத்துல எல்லாம் சொல்லியாச்சு, வந்து பாத்துட்டுப் போனதோட சரி. போனுக்கு வர்ற எச்சரிக்கை பாதி நாள் சிங்களத்துல, பாட்டிக்கு என்ன புரியும். பொடியங்க ஆறு பேர் இருக்கோம், எங்கருந்து ஆரம்பிக்கிறது?

பதுளைப்பக்கம்:
தம்பி மொதல்ல மழைய அளங்க, டவுன்ல பெய்ற மழை வேற உங்க மலையில பெய்றது வேற. ஒன்றரை லீட்டர் சோடா போத்தல் தலைய வெட்டி, அந்தத் தலைய புனல் மாதிரி போத்தலுக்குள்ளயே கவுத்து வைங்க, அடி வளைவுல கல்லுப் போட்டு மட்டம் வரைக்கும் தண்ணி ஊத்தி அங்கருந்து அடிமட்டத்த (ஸ்கேல) ஒட்டுங்க. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா மண்சரிவு எச்சரிக்கை குடுக்கிற கட்டட ஆராய்ச்சி நிறுவனக் கணக்குல மஞ்சள் எச்சரிக்கை, 100 தாண்டினா செம்மஞ்சள், 150 இல்லாட்டி ஒரே மணித்தியாலத்துல 75னா சிவப்பு, எழும்பிப் போயிரணும். வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் குச்சி அடிச்சு கிழமைக்கு ஒருக்கா இடைவெளிய எழுதுங்க, தண்ணி எறங்காம களிமண்ணால அடைங்க, கூடினா அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அடிங்க. ஊத்து திடீர்னு கலங்கினா, நின்னாலும்தான், போத்தலப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க.

கொஸ்லந்தைக்காரி:
அளக்கிறது சரி அண்ணா, ஆனா எங்க கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தை தோட்டத்துக்கு 2005லயும் 2011லயும் எச்சரிக்கை குடுத்துத்தான் இருந்திச்சி, 2014 ஒக்டோபர் 29 காலைல மலை எறங்கிறப்போ சனம் அதே லயத்துலதான். போறதுக்கு எடம் இல்லாம எங்க போறது? எங்க தோட்டத்துல ஒரு தடவை ராவு பதினொரு மணிக்கு கைப்பிள்ளையோட நனைஞ்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போனா கேட்டுக்குப் பூட்டு, சாவி வச்சிருந்தவர் டவுன்ல. அதனால தம்பி, சாவி யார் கையில, அவர் இல்லாட்டி யாருன்னு மொதல்ல கேளுங்க. நடக்க முடியாதவங்கள யார் தூக்கிறதுன்னு பேர் சொல்லி முடிவு பண்ணுங்க. ஐடி, பர்த் சேர்ட்டிபிகேட், மருந்துச்சீட்டு எல்லாம் பொலித்தீன்ல சுத்தி கதவுப் பக்கம் தொங்கட்டும்.

தப்புக்காரன் பேரன்:
கரண்ட் போனா கோயில் மைக்கும் போச்சு. தப்பு மேளம் அடிங்க, ஆனா ராவுல தப்புச் சத்தம் கேட்டா சாவுன்னு நெனச்சு புரண்டு படுப்பாங்க 😅 இதுக்குன்னு தனி அடி ஒண்ணு பழக்கணும்.

மேட்டுலயத்தான்:
நன்றி எல்லாருக்கும். இன்னைக்கு நடந்து பாத்தோம், ஸ்கூல் பாதையே அந்த வெடிப்புக்குக் கீழதான் போகுது, இத்தன வருஷம் கண்ணுல படல. ஒதுங்கறதுக்குக் கோயில் மேடுதான் சரி, சாவி பூசாரிகிட்டயும் என்கிட்டயும். பாட்டி மட்டும் ஆட்ட விட்டுட்டு வரமாட்டேங்குது, அங்க ஒரு தகரக் கொட்டிலும் போடணும் போல.