எல்லைகள் திறந்த பிறகும் பயணம் மீள ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின?

கேள்வி: வழிப்போக்கன்

அனைவருக்கும் வணக்கம். 2019-இல் ஏறத்தாழ 146 கோடியாக இருந்த பன்னாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை, கொரோனா பெருந்தொற்றால் 2020-இல் சுமார் 40 கோடியாகச் சரிந்தது. பழைய அளவை நெருங்குவதற்கு 2024 வரை ஆயிற்று. தடுப்பூசி வந்து, எல்லைகளும் திறந்த பின்னர் இத்தனை தாமதம் ஏன்? இன்னொரு பெருந்தொற்று வந்தால் எதை முதலில் காப்பாற்ற வேண்டும்?

பதில்: பராமரிப்புப் பொறியாளர்

எல்லையைத் திறக்க ஓர் அரசாணை போதும். விமானத்தைப் பறக்க வைக்க அது போதாது. 2020 ஏப்ரலில் உலகின் பயணிகள் விமானங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தரையில் நின்றன. நிற்கும் விமானத்துக்கு வேலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சின் வாய்களை மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, டயரின் ஒரே பக்கம் எடை தாங்கித் தட்டையாகிவிடாதபடி சக்கரங்களை அவ்வப்போது உருட்டி, எரிபொருள் தொட்டியில் பூஞ்சை வளர்கிறதா என்றும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றழுத்தத்தைக் கொண்டு வேகத்தை அறிய உதவும் பிட்டோ குழாய் ஒன்றின் உறை சற்றே விலகியிருக்க, உள்ளே குளவி மண்ணைக் குழைத்து அடைத்திருந்ததைக் கண்ட அன்று எனக்குக் கை நடுங்கியது. அப்படியே பறந்திருந்தால் விமானிக்குச் சரியான வேகம் தெரிந்திருக்காது.

ஆயினும் ஆட்களைத் திரும்பக் கொண்டுவருவதுதான் இதைவிடக் கடினமாக இருந்தது. பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானி 90 நாட்களுக்குள் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். பறக்காமல் இருந்தவர்கள், தரையிலேயே விமானம் ஓட்டிப் பழக உதவும் சிமுலேட்டரில் பயிற்சி பெறக் காத்திருந்தார்கள். பெட்டி ஏற்றுபவர், பாதுகாப்புச் சோதனை செய்பவர் ஆகியோரைப் புதிதாக எடுத்தால், அவர்களின் பின்னணியை விசாரித்து அனுமதி தரவே வாரக்கணக்கில் ஆகும். 2022 கோடையில் பயணிகள் திரண்டு வந்தபோதும், லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் புறப்படும் பயணிகளை நாளொன்றுக்கு ஒரு லட்சமாகக் கட்டுப்படுத்த நேர்ந்ததற்கு ஆள் பற்றாக்குறைதான் காரணம்.

பதில்: பயண முகவர்

பொறியாளர் ஐயா சொன்னது சரி. பயணியின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். மக்கள் நோய்க்கு அஞ்சியதைவிட, இரவோடு இரவாக மாறிய விதிகளுக்குத்தான் அதிகம் அஞ்சினார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2021 ஏப்ரலில் தங்களுக்கிடையே தனிமைப்படுத்தல் இல்லாத பயணத்தை அனுமதித்தன. ஜூலையில் அது நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட நிலையில் யார் துணிந்து முன்பதிவு செய்வார்? 2021 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ஒரே மாதிரியான கொரோனா தடுப்பூசி, பரிசோதனைச் சான்றிதழ் உதவியதற்குக் காரணம், ஒரு நாட்டில் பெற்றதை மற்ற நாடுகளும் ஏற்றன என்பதே.

அடுத்தது பணம். ரத்தான பயணத்துக்கு ஒரு விமான நிறுவனம், என் வாடிக்கையாளர்களான முதிய தம்பதிக்குப் பணத்துக்குப் பதிலாக ஓராண்டில் காலாவதியாகும் வவுச்சரை அனுப்பியது. இருவரும் அந்தத் தாளை என் மேசையில் வைத்து, "இதை வைத்து மருந்து வாங்க முடியுமா?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

பதில்: பொருளியல் மாணவி

உதவித்தொகை யாருக்குப் போக வேண்டும் என்பதே என் கவலை. பணியாளர்களைக் கட்டாய விடுப்பில் அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு அமெரிக்க அரசு விமான நிறுவனங்களுக்குச் சம்பள உதவி அளித்தது. அப்படியும் விருப்ப ஓய்வில் அனுபவசாலிகள் பலர் வெளியேறிவிட்டார்கள். வழிகாட்டிகளும் படகோட்டிகளும் அறை சுத்தம் செய்பவர்களும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லாததால், பல இடங்களில் அவர்களுக்கு இத்தகைய உதவி எட்டவே இல்லை. வேறு தொழிலுக்குப் போய்விட்ட வழிகாட்டியை விளம்பரம் செய்து திரும்ப அழைக்க முடியாது.

வழிப்போக்கன்

மூவருக்கும் நன்றி. முகவர் அவர்களே, அந்தத் தம்பதிக்குப் பணம் கிடைத்ததா?

பயண முகவர்

பதினான்கு மாதங்கள் கழித்துக் கிடைத்தது. அதன் பிறகு அவர்கள் ரயிலில் மட்டுமே முன்பதிவு செய்கிறார்கள்.