புதுப்பிப்பு: சுருங்கிப் போன ரிப்சாலிஸ் துளிர் விட்டுடுச்சு

ஜூன்ல கேட்டிருந்தேனே, தொங்குதொட்டியில வெச்சிருக்கற ரிப்சாலிஸ்ங்கற கள்ளிச் செடியோட தண்டெல்லாம் சுருங்குது, தண்ணி பத்தலையான்னு. நீங்க சொன்னபடி வெளிய எடுத்துப் பாத்தா பாதி வேர் அழுகியிருந்துச்சு, தண்ணி ஜாஸ்தியானதுதான் காரணம், வேர் அழுகினா உறிஞ்ச முடியாம தண்டு காஞ்ச மாதிரிதான் தெரியுமாம், அது தெரியாம நான் மேல மேல ஊத்திட்டே இருந்திருக்கேன், மனசே ஆறல. நல்ல தண்டா 7 வெட்டி, 3 நாள் நிழல்ல காயவிட்டு, தேங்காமட்டைத் துண்டும் பெர்லைட்டும் (தண்ணி தேங்காம வடிய விடற லேசான வெள்ளைக் கல்லு) கலந்து வெச்சேன். ரிப்சாலிஸ் கள்ளிதான், ஆனா பாலைவனத்துது இல்ல, மரக்கிளையில ஒட்டி வளர்றது, அதனால இறுகின மண்ணும் உச்சி வெயிலும் ஆகாது. என்கிட்ட இருக்கறது ரிப்சாலிஸ்ல பாக்சிஃபெராங்கற இனம், அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளிய இயற்கையா வளர்ற ஒரே கள்ளி, இலங்கைக் காட்டுலயும் இருக்கு! 5 தண்டு வேர் புடிச்சிடுச்சு, ஒண்ணுல நேத்து பச்சையா துளிர் பாத்தேன்.