யாரும் கூப்பிடாமலே ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் போகிறேன், இது நோயா?

கப்பலூர்க் கணக்கர் எழுதியது:

மதுரை பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயது 39. வீடு வில்லாபுரம். காலை 9 மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு 10 ஆகிவிடும். ஞாயிறும் போகிறேன். முதலாளி வரச் சொல்வதில்லை, ஓவர்டைமும் கிடையாது. "லீவு நாள்ல வீட்ல இருக்க வேண்டியதுதானப்பா" என்று அவரே இரண்டு முறை சொல்லிவிட்டார்.

இந்தச் சித்திரையில் நடந்ததைச் சொன்னால் என் நிலைமை புரியும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஆழ்வார்புரம் பக்கம் விடியற்காலை 3 மணிக்கே போய் இடம் பிடித்தோம். மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தேன். குதிரை வாகனம் தெரிகிற நேரம், கூட்டம் கோவிந்தா போடுகிறது. நான் போனை எடுத்தேன். யாரும் அழைக்கவில்லை. முந்தைய நாள் அனுப்பிய லாரியின் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி அனுமதிச் சீட்டு) காலாவதி ஆகியிருக்குமோ என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான். பார்த்தால் அது மறுநாள் இரவு வரை செல்லும். நிமிர்ந்தபோது சாமி இறங்கிவிட்டார். முட்டிவலியால் வராத அம்மா போன் செய்து, "என்ன கலர் பட்டுடா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மேலிருந்து பாப்பாதான் "பச்சை" என்று சொன்னாள்.

வேலையை ரசித்துச் செய்கிறேன் என்றாலாவது சரி. ரசிக்கவில்லை. ஞாயிறு காலை இட்லி சாப்பிடும்போதே வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும். ஆபீஸ் ஷட்டரைத் தூக்கி, டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் திரையைப் பார்த்த பிறகுதான் மூச்சு சீராகும். இது என்ன? எங்கே காட்டுவது?

மாட்டுத்தாவணி எழுதியது:

வேற கம்பெனி பாருங்க அண்ணே. வாங்குற சம்பளத்துக்கு இது தேவையா?

அண்ணாநகர் சகோதரி எழுதியது:

மனநலத் துறையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். வேறு கம்பெனிக்குப் போனாலும் இது கூடவே வரும் சார், ஏனென்றால் உங்களை யாரும் விரட்டவில்லை.

உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. வேலையில் ஈடுபாடு உள்ளவர் நிறைய நேரம் உழைப்பார், ஆனால் விட்டுவிட்டு வீட்டுக்கு வர அவரால் முடியும். வேலைக்கு அடிமையானவருக்கு விட்டால் குற்றவுணர்வும் படபடப்பும் வரும். அதைத் தணிக்கவே மறுபடியும் வேலைக்குப் போவார். ஷட்டரைத் தூக்கியதும் மூச்சு சீராகிறது என்றீர்களே, அந்த நிம்மதிதான் கொக்கி. ஒவ்வொரு ஞாயிறும் போய் அதை வாங்கிக்கொள்வதால் அடுத்த ஞாயிறு பயம் இன்னும் பலமாக வருகிறது.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் 2012-இல் 7 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் தயாரித்தார்கள். வேலைக்கு இன்னும் நேரம் எங்கே பிடுங்கலாம் என்று யோசிக்கிறீர்களா, குற்றவுணர்வைக் குறைக்க வேலை செய்கிறீர்களா, குறைத்துக்கொள் என்று மற்றவர்கள் சொல்லியும் கேட்காமல் இருக்கிறீர்களா, வேலை செய்ய முடியாமல் போனால் பதறுகிறீர்களா என்கிற மாதிரி. கடந்த ஒரு வருடத்தை நினைத்துப் பார்த்து, நாலு கேள்விக்காவது "அடிக்கடி" அல்லது "எப்போதும்" என்றால் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இல்லை. அதனால் உங்கள் அவஸ்தை பொய்யாகிவிடாது.

அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ப் பேசுங்கள். போக முடியாத நாளில் டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் பேசலாம்.

ஒன்று கேட்கிறேன். ஞாயிறு போகாவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் மனம் சொல்கிறது?

பழைய மில்காரர் எழுதியது:

தம்பி, நான் ஸ்பின்னிங்கில் 31 வருஷம் இருந்தவன். எங்களுக்குச் சங்கு இருந்தது. சங்கு பிடித்ததும் அடுத்த ஷிப்ட் ஆள் மிஷின் பக்கத்தில் வந்து நிற்பான். அறுந்த இழை அறுந்தபடி கிடந்தாலும் அவன் கையில் விட்டுவிட்டு வர வேண்டியதுதான். இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்று நாமே கெஞ்சினாலும் அவன் விடமாட்டான். வெளியே வந்து டீக்கடையில் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டால் மில் அங்கேயே முடிந்தது.

உழைப்பு லேசு என்று சொல்லவில்லை, நெஞ்சில் பஞ்சு ஏறிச் செத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் வேலை எப்போது முடிந்தது என்று வெளியிலிருந்து ஒரு சத்தம் சொன்னது. என் மகனுக்கும் உனக்கும் அது இல்லை. மிஷினையே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அழகரைப் பார்க்கப் போகிறீர்கள். உனக்கு ஒரு சங்கு வேண்டும் தம்பி. பாப்பாவையே ஊதச் சொல்.

திருநகர் அம்மா எழுதியது:

என் வீட்டுக்காரரும் இப்படித்தான். 46 வயதில் பக்கவாதம், வலது கை இன்னும் முழுசாக வரவில்லை. சர்க்கரையும் இருந்தது, வேலையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொன்னதை அதற்கப்புறம்தான் படித்தேன். உங்கள் மணிக்கணக்கைக் கூட்டிப் பாருங்கள் தம்பி. பிரஷரை நாளைக்கே பாருங்கள்.

கப்பலூர்க் கணக்கர் எழுதியது:

கூட்டினேன் அக்கா, 80-ஐத் தாண்டுகிறது. பிரஷர் 150/96.

சகோதரி கேட்டதற்கு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. அப்பா கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளை. நான் எட்டாவது படிக்கும்போது மஞ்சள்காமாலையில் பத்து நாள் படுத்தார். தேறிப் போனபோது அவர் மேசையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பா மத்தியானமே திரும்பி வந்து, பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார். யாரிடமும் எதுவும் பேசவில்லை. போகாவிட்டால் என்ன ஆகும் என்று என் மனம் சொல்வது அந்த மேசையைத்தான். இதை எழுதும்வரை எனக்கே தெரியாது.

அண்ணாநகர் சகோதரி எழுதியது:

எழுதியதற்கு நன்றி சார். மருத்துவரிடமும் இதைச் சொல்லுங்கள். இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அவசரமில்லாத ஒரு சின்ன வேலையை வேண்டுமென்றே பாதியில் விட்டுவிட்டு வாருங்கள். படபடப்பு ஏறும். போனைத் தொடாமல் இருந்தால் அதுவாகவே இறங்கும். இறங்கும் என்று உடம்பு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கப்பலூர்க் கணக்கர் எழுதியது:

செய்தேன். சனிக்கிழமை பேங்க் கணக்கு ஒத்துப் பார்ப்பதில் ஏழு எண்ட்ரி பாக்கி. அப்படியே மூடிவிட்டு வந்தேன். ஞாயிறு மாலை பாப்பாவுடன் வண்டியூர் தெப்பக்குளம். முதல் சுற்றில் உள்ளங்கை வியர்த்தது, போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். இரண்டாவது சுற்றில் சுண்டல் வாங்கினோம். மூன்றாவது சுற்றில் அந்த ஏழு எண்ட்ரி நினைவுக்கு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. குளத்தில் தண்ணீர் மேலிருந்து நாலாவது படிக்குக் கீழே நின்றது. பாப்பா எண்ணினாள், நானும் எண்ணினேன். திங்கள் காலை அந்த ஏழையும் முடிக்க 20 நிமிடம் ஆனது.

வியாழக்கிழமை ராஜாஜி ஆஸ்பத்திரி போகிறேன். பிரஷருக்கு மாத்திரை தொடங்கியாயிற்று. மில்கார ஐயா, இரவு எட்டு மணிக்குப் பாப்பா போனில் சங்கு ஊதுகிறாள்.

ஆனால் மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி கடைசி நாள். அந்த நாட்களில் வேலை நிஜமாகவே அவசரம், எனக்கு எது பயம், எது வேலை என்று பிரிக்கத் தெரியவில்லை. கணக்குத் துறையில் இருந்து இதைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் அந்த வாரங்களை எப்படி ஓட்டினீர்கள் என்று சொல்லுங்கள்.