செர்ஜியோ பாரிசே: நூறு தோல்வி கண்டவரை மகத்தான ஆட்டக்காரர் என்று சொல்லலாமா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. நான் ரக்பி பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. சிறந்த நம்பர் 8 (எட்டு முன்னணி ஆட்டக்காரர்களில் கடைசியில் நிற்பவர்) யார் என்று பேச்சு வந்தால் உடனே இத்தாலியின் பாரிசே பெயரைச் சொல்கிறார்கள். அவர் ஆடிய 142 சர்வதேசப் போட்டிகளில் நூற்றுக்கு மேல் தோல்வி. ஐந்து உலகக் கோப்பை ஆடியும் ஒருமுறைகூட காலிறுதி இல்லை. அப்புறம் 2016இல் பாரிஸில், பிரான்ஸுக்கு எதிராக, கடைசி நேரத்தில் டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) அடிக்கப் போய்த் தவறவிட்ட வீடியோவும் பார்த்தேன். எதை வைத்து இவ்வளவு புகழ்கிறீர்கள்?

பதில் 1:
திறமைசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த டிராப் கோலை என்னால் ஏற்க முடியவில்லை. பிரான்ஸ் 23-21 என்று முன்னிலை. பந்து இத்தாலி கையில். இன்னும் கொஞ்சம் முன்னேறியிருந்தால் பெனால்டியே கிடைத்திருக்கலாம். உதைக்க வேண்டியது ஃபிளை-ஹாஃப் (ஆட்டத்தை வழிநடத்தி உதைப்பவர்) வேலை. கேப்டன் என்பதற்காக எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டுமா?

பதில் 2:
நான் பாரிஸில் இருக்கிறேன். பாரிசே ஸ்டாட் ஃபிரான்ஸே கிளப்பில் இருந்த காலத்தில் ழான்-புவான் மைதானத்துக்கு அவருக்காகவே போவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் பிணைந்து எதிரெதிரே தள்ளும்போது, மற்ற ஏழு பேரும் தலை குனிந்து தள்ளிக்கொண்டிருப்பார்கள். பந்து காலடிக்கு வந்ததும் பாரிசே மட்டும் தலையைத் தூக்கி எதிரணியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பார். அப்புறம் எடுத்து ஓடுவார். இரண்டு பேர் மேலே தொங்கினாலும் ஒரு கை எப்படியோ வெளியே வரும், அந்தக் கையிலிருந்து பந்து பின்னால் வருபவரின் நெஞ்சுக்கு நேராகப் போகும். அந்த உடம்பில் ஒரு சென்டரின் (பின்வரிசையில் பந்தைக் கடத்தி ஆடுபவர்) கைகள்! அதே கிளப்போடு 2007இலும் 2015இலும் பிரெஞ்சு லீக்கை வென்றார். நல்ல அணியில் ஆடியபோது கோப்பை வந்தது என்பதைக் கவனியுங்கள்.

இத்தாலி சிக்ஸ் நேஷன்ஸில் (ஐரோப்பாவின் ஆறு நாடுகள் ஆண்டுதோறும் ஆடும் போட்டி) சேர்ந்ததே 2000இல்தான். இங்கிலாந்து, பிரான்ஸ் மாதிரி ஆட்களை மாற்றி மாற்றி இறக்க அவர்களிடம் ஆள் கிடையாது. பாரிசே பிறந்தது அர்ஜென்டினாவின் லா பிளாட்டாவில், பெற்றோர் இத்தாலியர்கள். 2002இல், 18 வயதில், நியூசிலாந்தின் ஹாமில்டனில் ஆல் பிளாக்ஸுக்கு (நியூசிலாந்து தேசிய அணி) எதிராக முதல் ஆட்டம். 64-10 தோல்வி. அப்படித் தொடங்கியவர் 2007இல் மர்ரேஃபீல்டில் ஸ்காட்லாந்தை, 2013இல் ரோமில் பிரான்ஸையும் அயர்லாந்தையும், 2016இல் ஃபிளாரன்ஸில் தென்னாப்பிரிக்காவை 20-18 என்று வென்ற அணிகளில் இருந்தார். தென்னாப்பிரிக்காவை இத்தாலி வென்றது அதுதான் முதல்முறை.

தோல்விக் கணக்கை அவர் தலையில் எழுதுவது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். 2015க்குப் பிறகு சிக்ஸ் நேஷன்ஸில் இத்தாலி தொடர்ந்து 36 ஆட்டம் தோற்றது. 2022இல் கார்டிஃபில் வேல்ஸை வென்றுதான் அது முடிந்தது. அதில் 2020 முதல் நடந்தவை எல்லாம் அவர் அணியிலேயே இல்லாத ஆட்டங்கள்.

டிராப் கோல் பற்றி: அவர் தேசிய அணிக்காக ஏற்கெனவே ஒன்று அடித்தவர். நேரம் முடிந்துவிட்டது, ஒரு நாக்-ஆன் (பந்து கையிலிருந்து முன்னால் நழுவுவது) போதும், ஆட்டம் அவ்வளவுதான். யாராவது பொறுப்பை எடுக்க வேண்டும். எடுத்தார், தவறியது. கேப்டன் அந்த இடத்தில் ஒளிந்திருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. அப்படிப்பட்டவருக்கு ஒழுங்கான பிரிவுபசாரப் போட்டிகூட நடக்கவில்லையாமே, ஏன்?

பதில் 2:
அதுதான் பெரிய வேதனை. 2019 உலகக் கோப்பையில் கடைசி லீக் ஆட்டம், மறுபடியும் ஆல் பிளாக்ஸோடு, ஜப்பானின் டொயோட்டா நகரில். ஹகிபிஸ் புயலால் ரத்து செய்து 0-0 என்று அறிவித்துவிட்டார்கள். நியூசிலாந்துக்குப் புள்ளிகள் தேவைப்பட்டிருந்தால் ரத்து செய்திருக்க மாட்டார்கள் என்று பாரிசே வெளிப்படையாகவே சொன்னார். பாதுகாப்பு முக்கியம், சரி. ஆனால் மாற்று ஏற்பாடு ஏன் யோசித்து வைக்கவில்லை?

பிறகு 2020 மார்ச்சில் ரோமில் இங்கிலாந்துக்கு எதிராக விடைபெறுவதாக இருந்தது. கொரோனாவால் அது தள்ளிப்போய், அக்டோபர் கடைசியில் நடந்தபோது அவர் அணியில் இல்லை. 2023இல் துலோன் என்ற பிரெஞ்சு கிளப்போடு சேலஞ்ச் கோப்பையை (ஐரோப்பிய கிளப் போட்டி) வென்று, கிட்டத்தட்ட 40 வயதில் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு உலகக் கோப்பைக்கும் கூப்பிடவில்லை.

பதில் 1:
புயல் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். டிராப் கோலில் என் கருத்து மாறவில்லை!

பதில் 2:
மாற வேண்டாம். 2013 ரோம் ஆட்டத்தின் வீடியோ கிடைத்தால், பிரான்ஸுக்கு எதிரானது, முதல் ஐந்து நிமிடம் மட்டும் பாருங்கள். இத்தாலியின் ஒர்குவேரா தடுப்பை உடைத்துக்கொண்டு ஓடிவரும்போது பாரிசே எந்தக் கோணத்தில் வந்து பந்தை வாங்கி டிரை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) வைக்கிறார் என்று கவனியுங்கள். அப்புறம் பேசுவோம்.