பொருள்: 'டிஃபால்ட்' மின்னஞ்சல் மென்பொருள் – கைநூலுக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

திருகோணமலையில் விடுதிகளிலும் நகல் கடைகளிலும் வேலை செய்வோருக்கான கணினிக் கைநூலில் மின்னஞ்சல் பாடம் ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. பாடத்தின் நோக்கம் சின்னதுதான். இணையப் பக்கத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினால் அவுட்லுக் எழும்பி 'கணக்கைச் சேர்' என்று கேட்கக்கூடாது. ஜிமெயிலின் புதிய மடல் பெட்டி திறக்க வேண்டும்.

இப்போதைய வரைவு: "ஜிமெயிலை இயல்புநிலை அஞ்சல் செயலியாக அமைத்தல்."

எனக்கு இதில் இரண்டு உறுத்தல். இயல்புநிலை என்றால் யாரும் கை வைக்காத நிலை. இங்கே கை வைத்து மாற்றுவதுதான் பாடமே. அடுத்தது 'செயலி'. ஜிமெயில் கணினியில் நிறுவப்பட்டதல்ல, மேலோடிக்குள் (பிரௌசருக்குள்) திறக்கும் ஒரு பக்கம். உங்கள் சொற்களைத் தாருங்கள்.

– உவர்மலை

*

> இயல்புநிலை என்றால் யாரும் கை வைக்காத நிலை

சரிதான் அண்ணை. 'முன்னிருப்பு' என்று போடுங்கள். கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்குவோர் கனகாலமாக அதைத்தான் எழுதுகிறார்கள், பிள்ளைகளுக்கும் பழகிய சொல். 'செயலி'யை நானும் எடுக்கச் சொல்வேன், ஆனால் வேறு காரணத்துக்காக: அந்தச் சொல்லை ஒருவர் அப் என்று படிப்பார், இன்னொருவர் புரொசசர் என்று படிப்பார். 'மென்பொருள்' போதும்.

– மூதூர்

*

டீச்சர், அண்ணை, இருவருக்கும் ஸலாம்.

சொல்லுக்கு முன் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 'முன்னிருப்பு' அங்கேதான் இடறுகிறது.

மெயில்டூ முகவரி (mailto: என்று தொடங்கும், சொடுக்கினால் மடல் எழுதத் திறக்கும் முகவரி) ஒன்றைச் சொடுக்கும்போது இரண்டு இடத்தில் முடிவு எடுக்கப்படுகிறது. சொடுக்கியது குரோமுக்குள் என்றால், மெயில்டூவை ஏற்க எந்தத் தளத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று குரோமே முதலில் பார்க்கும். சொடுக்கியது வேர்ட் ஆவணத்திலோ பிடிஎஃப் கோப்பிலோ என்றால் கேள்வி விண்டோஸிடம் போகும். விண்டோஸுக்கு ஜிமெயில் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதன் பட்டியலில் குரோம்தான் இருக்கும். ஆகவே விண்டோஸ் குரோமிடம் கொடுக்க வேண்டும், குரோம் ஜிமெயிலிடம் கொடுக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு விட்டால் குரோம் திறக்கும், மடல் பெட்டி திறக்காது. 'செய்தேன், வேலை செய்யவில்லை' என்று வருபவர்களிடம் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

குரோம் பக்கம்: ஜிமெயிலைத் திறந்ததும் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு சாய்சதுரம் போல ஒரு சின்னம் தெரியும். அதைச் சொடுக்கி அனுமதி கொடுத்தால் முடிந்தது. முன்பு எப்போதோ மறுத்திருந்தால் அந்தச் சின்னம் திரும்ப வராது. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அதற்குள் அடிஷனல் பெர்மிஷன்ஸை விரித்து புரோட்டோகால் ஹேண்ட்லர்ஸ் என்று போக வேண்டும். தளங்கள் கேட்கலாம் என்ற தெரிவு அங்கே இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, தடுக்கப்பட்டவற்றிலிருந்து ஜிமெயிலை நீக்கிவிட்டு, ஜிமெயில் பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஃபயர்பாக்ஸில் இவ்வளவு அலைச்சல் இல்லை: செட்டிங்ஸில் ஜெனரல், அப்ளிகேஷன்ஸ் பட்டியலில் மெயில்டூ வரி, அதற்கு எதிரே ஜிமெயில்.

விண்டோஸ் 11 பக்கம்: செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ். மேலே உள்ள பெட்டியில் மெயில்டூ என்று தட்டி, வருவதில் குரோமைத் தெரிய வேண்டும். விண்டோஸ் 10 என்றால் அதே பக்கத்தில் ஈமெயில் என்ற தலைப்பின் கீழே மாற்றலாம்.

இனிச் சொல். இங்கே ஒரு தளம் 'நான் ஏற்கிறேன்' என்று கேட்கிறது, பாவிப்பவர் சம்மதிக்கிறார், மேலோடி வேலையை ஒப்படைக்கிறது. ஒரு தளம் தனக்காக மட்டுமே கேட்கலாம்; அடுத்த தளத்துக்காகக் கேட்க முடியாது; எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பு வழி இல்லாத தளம் கேட்கவே முடியாது. இதில் 'முன்' எங்கே, 'இருப்பு' எங்கே? ஒருவரிடம் பொறுப்புக் கொடுப்பதுதானே நடக்கிறது? பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி மாறுவார், நிலையம் மாறாது. அதேபோல 'பொறுப்பு மென்பொருள்' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

– கிண்ணியா

*

> 'பொறுப்பு மென்பொருள்' என்று வைக்கலாம்

நானா, மெயில்டூவுக்குப் பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கைநூலில் வேர்டின் டிஃபால்ட் எழுத்துரு வருகிறது, டிஃபால்ட் எழுத்தளவு வருகிறது. 'பொறுப்பு எழுத்தளவு' என்று எந்த வகுப்பில் போய்ச் சொல்வேன்?

– மூதூர்

*

டீச்சர், அதைச் சொல்ல வேண்டாம். எழுத்தளவு என்பது நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் தானாக நிற்கும் ஒரு பெறுமானம். அதற்கு முன்னிருப்பு அச்சொட்டாகப் பொருந்தும். மெயில்டூவில் இருப்பது பெறுமானம் அல்ல, ஒரு வேலையை யார் செய்வது என்ற ஏற்பாடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றிலே அடைக்கத் தேவையில்லை. பிரிண்டர், மேலோடி, அஞ்சல்: இவற்றுக்குப் பொறுப்பு. எழுத்துரு, தாளளவு, மொழி: இவற்றுக்கு முன்னிருப்பு.

– கிண்ணியா

*

இந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. கைநூல் முழுவதும் அப்படியே மாற்றுகிறேன். விண்டோஸின் தமிழ் இடைமுகத்தில் 'இயல்புநிலை' என்று இருப்பதால், முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் அதையும் பக்கத்தில் எழுதிவிடுவோம். இல்லாவிட்டால் திரையில் தேடுபவர் திண்டாடுவார்.

புதுத் தலைப்பு: "மின்னஞ்சல் இணைப்புகளுக்கு ஜிமெயிலைப் பொறுப்பாக்குதல்."

– உவர்மலை

*

அண்ணை, 'இணைப்பு' வேண்டாம். மடலோடு கோப்பு அனுப்புவதையும் இணைப்பு என்றுதான் சொல்கிறோம். அந்தத் தலைப்பைப் படிப்பவர், கோப்பு இணைக்கிற வேலையையும் ஜிமெயில் பார்க்கும் என்று நினைப்பார். உண்மையில் பார்க்காது. வேர்டில் 'செண்ட் ஆஸ் அட்டாச்மெண்ட்' கொடுத்தாலும், கோப்பின்மேல் வலது சொடுக்கில் 'மெயில் ரிசிப்பியண்ட்' கொடுத்தாலும் விண்டோஸ் மெயில்டூவைத் தொடுவதே இல்லை. எம்ஏபிஐ என்ற பழைய வழியில், நிறுவப்பட்ட அஞ்சல் மென்பொருளைத்தான் தேடும். அப்படி ஒன்றும் இல்லாவிட்டால், இந்த வேலைக்கு அஞ்சல் மென்பொருள் எதுவும் இல்லை என்று பிழைச்செய்தி வரும். நகல் கடையில் அமைப்பு பிழையாகிவிட்டது என்று இதைத்தான் சொல்வார்கள். அமைப்பில் பிழை இல்லை. கோப்பைச் சேமித்து, ஜிமெயிலில் கையால் இணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

– கிண்ணியா

*

அப்படியானால் லிங்குக்குத் 'தொடுப்பு', அட்டாச்மெண்டுக்கு 'இணைப்பு'. ஆனால் 'அஞ்சல் தொடுப்புப் பொறுப்பு' என்று பெயர்ச்சொல்லாக எங்கேயும் எழுதிவிடாதீர்கள், வாசிக்கிற பிள்ளைக்கு நாக்குப் பிரளும். வினையாகவே வரட்டும்: அஞ்சல் தொடுப்புகளுக்கு ஜிமெயிலைப் பொறுப்பாக்குக.

தொடுப்பை உருவாக்கும் பகுதியில் இன்னொன்றும் சேருங்கள். விடுதிக்காரர் மடலின் பொருளை (சப்ஜெக்ட்) தொடுப்புக்குள் தமிழிலேயே வைக்க விரும்புவார். 'புறாத்தீவுப் படகு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது இடைவெளி நீங்கலாக 16 குறி. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்து. ஆக 144. இடைவெளிக்கு %20 என்று இன்னும் 3. இரண்டே சொல்லுக்கு 147 எழுத்து. பொருளோடு நிறுத்தி, மடலின் உடலை வெறுமையாக விடச் சொல்லுங்கள். நீண்ட தமிழ் உடலை வைத்தால், சில கணினிகளில் மடல் பெட்டி திறக்காது.

இடைவெளிக்குக் கூட்டல் குறி போடவும் கூடாது. மெயில்டூவுக்கான 2010ஆம் ஆண்டு இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 6068 இன்படி அது கூட்டல் குறியேதான், 'புறாத்தீவுப்+படகு' என்று மடலில் வந்து நிற்கும்.

– மூதூர்

*

சேர்த்துவிட்டேன் டீச்சர். கடைக் கணினிகளுக்காக ஒரு வரியை நானும் போட்டிருக்கிறேன்: ஒரே மேலோடியில் இரண்டு மூன்று கூகுள் கணக்குகள் திறந்திருந்தால், தொடுப்பைச் சொடுக்கும்போது முதலில் உள்நுழைந்த கணக்கிலிருந்தே மடல் எழுதப்படும். அது வாடிக்கையாளர் ஒருவர் வெளியேற மறந்த கணக்காகவும் இருக்கலாம். 'அனுப்பு' அழுத்துமுன் அனுப்புநர் முகவரியைப் பார்க்கவும். வாடிக்கையாளர் பாவிக்கும் கணினியில் எந்தத் தளத்துக்கும் பொறுப்புக் கொடுக்காமல் விடுவதே நல்லது.

– உவர்மலை