பட்டியல் தொலையவில்லை, வேறு கோப்புறையில் இருந்தது

டெர்மினலில் வேலைப் பட்டியல் வைத்துக்கொள்ள உதவும் டாஸ்க்வாரியர் என்ற நிரல் தன் தரவை ஹோம் கோப்புறைக்குள் '.டாஸ்க்' என்ற மறைவான இடத்தில் வைக்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆவணங்களோடு சேர்ந்து பேக்கப் ஆகட்டும் என்று கோப்புகளை வேறு கோப்புறைக்கு நகலெடுத்து, 'டாஸ்க்டேட்டா' என்ற சூழல் மாறியில் (நிரல்கள் பார்த்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு) அந்தப் பாதையைக் கொடுத்து, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் 'இடம் மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வந்துகொண்டே இருந்தது. தொணதொணப்பு தாங்காமல் அதையும் அடக்கினேன்.

தினமும் காலையில் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்ப குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஒரு வேலை வைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது: முடித்த வேலையெல்லாம் அதில் முடியாததாகவே வந்துகொண்டிருந்தது. சரி, குறிக்க மறந்திருப்பேன் என்று மின்னஞ்சலில் இருந்த 4ஆம் எண்ணை டெர்மினலில் 'முடிந்தது' என்று அடித்தேன். அங்கே 4 என்பது வேறு வேலை! எண் அந்தந்தப் பட்டியலுக்குள் மட்டும்தானே செல்லும். நல்ல வேளை, 'அன்டூ' கைகொடுத்தது.

கிரான் பாஷ்ஆர்சியைப் படிப்பதில்லை. சூழல் மாறி இல்லாததால் அது பழைய கோப்புறையையே பார்த்திருக்கிறது. எந்தக் கோப்புறையைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் 'டயக்னாஸ்டிக்ஸ்' கட்டளையைக் கிரான் வழியாக ஓட்டியதும் குட்டு உடைந்தது. மாறியைத் தூக்கிவிட்டு, டாஸ்க்வாரியரின் அமைப்புக் கோப்பான டாஸ்க்ஆர்சியில் 'டேட்டா.லொகேஷன்' வரியிலேயே பாதையை எழுதினேன். டெர்மினலோ கிரானோ, இரண்டும் படிப்பது அந்த ஒரே கோப்பைத்தான்.

*

மேலே எழுதியவரைப் போலன்றி, நான் முதலிலேயே அந்த 'டேட்டா.லொகேஷன்' வரியைத்தான் மாற்றினேன், ஆனாலும் மாட்டிக்கொண்டேன். பாதையை மாற்றினால் கோப்புகளும் தாமாகக் குடிபெயரும் என்று எப்படி நம்பினேனோ! பட்டியல் வெறிச்சென்று இருந்தது. பதற்றத்தில் நினைவுக்கு வந்த பத்துப் பதினைந்து வேலைகளைப் புதிதாகச் சேர்த்தேன். பழைய கோப்புகள் பத்திரமாக இருப்பது பிறகுதான் தெரிந்தது. அவற்றைப் புதிய கோப்புகளின் மேல் நகலெடுத்தால் புதியவை போய்விடும். புதியவற்றை எக்ஸ்போர்ட் செய்து, பழைய பட்டியலுக்குத் திரும்பி இம்போர்ட் செய்தேன். ஒவ்வொரு பணிக்கும் தனித்த நீண்ட அடையாளம் இருப்பதால் மோதல் இல்லை.

*

மேலே எழுதிய இருவரின் கதை வேறு, என் தவறு பேராசை. இரண்டு கணினிகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மேகச் சேமிப்பு கோப்புறையில் வைத்தேன். பழைய 2ஆம் பதிப்பில் எல்லாம் எளிய உரைக் கோப்புகள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதியதால் நிலுவைப் பட்டியலுக்கு 'முரண்பட்ட நகல்' ஒன்று முளைத்தது. அதைத் திறந்து வரி வரியாக ஒப்பிட்டுச் சேர்த்துவிட முடிந்தது. 2024இல் வந்த 3ஆம் பதிப்பு, உரையாகத் திறந்து படிக்க முடியாத எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு மாறிவிட்டது. அதை இப்படிக் கையால் ஒட்டுப்போட வழியில்லை. இப்போது கணினிக்கு ஒரு கோப்புறை, இடையில் பட்டியல்களை ஒத்திசைக்க டாஸ்க்வாரியரின் சொந்த 'சிங்க்' கட்டளை.

*

மேலே முதலில் எழுதியவன்தான். இதையெல்லாம் படித்துவிட்டுப் பார்த்தால் என் பழைய கோப்புறை இன்னும் அங்கேயே இருக்கிறது. அழிக்க மனமில்லை, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். இன்னும் ஏதாவது ஸ்கிரிப்ட் அதைத் தேடிப்போனால் வெறும் பட்டியலோடு திரும்பி என்னிடம் மாட்டட்டும்.