ஒரு கம்பளிக்குப் பிடித்த பணம்: நாள் வாடகை வீடுகளில் கட்டணமும் டெபாசிட்டும் (வீட்டை நாள் வாடகைக்கு விடுவோர் குழுவில் நடந்த உரையாடல்)

கோத்தகிரி உறுப்பினர்:

கோத்தகிரியில் என் மாமனார் கட்டிய இரண்டு படுக்கையறை வீட்டை ஆறு ஆண்டுகளாக நாள் வாடகைக்கு விட்டு வருகிறேன். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 4,000 ரூபாய் வாடகை, 600 ரூபாய் சுத்தம் செய்யும் கட்டணம், 5,000 ரூபாய் டெபாசிட் என்று வைத்திருந்தேன். அந்த 5,000 எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார், நானும் வாங்கினேன்.

அதை மறுபடி யோசிக்க வைத்தது ஒரு கம்பளி. உறவினர் திருமணத்துக்காக வந்து தங்கிய ஒரு குடும்பம் கிளம்பிய பிறகு, கம்பளி ஒன்றில் மருதாணிக் கறை அகலமாகப் படிந்திருப்பதை வீட்டைப் பெருக்க வந்த அம்மா காட்டினார். கம்பளியின் விலை 1,800 ரூபாய் என்று செய்தி அனுப்பி, அதைக் கழித்துக்கொண்டு மீதி 3,200 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். மாலையில் அக்குடும்பத்துப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபமே இல்லை. "தம்பி, கம்பளிக்கு முழு விலையும் எடுத்துக்கொண்டீர்கள், சரி. அப்படியென்றால் அது இப்போது எங்கள் கம்பளிதானே, கூரியரில் போட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்டார். மூன்று ஆண்டுகள் பலர் போர்த்திய கம்பளிக்குப் புதுக் கம்பளியின் விலையை வாங்கியிருந்தேன். கடை ரசீதும் என்னிடம் இல்லை. அதைச் சலவைக்குப் போட்டு அடுத்த வாரமே வேறொருவருக்கு விரிக்கவும் எண்ணியிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று கூறி வைத்துவிட்டேன்.

நகரத்தில் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு டெபாசிட் என்ற சொல்லே கசப்பானது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது வெள்ளையடிக்க இவ்வளவு, குழாய் மாற்ற இவ்வளவு என்று கழித்ததுபோக மீதியை வாங்கிய அனுபவம் எனக்கும் உண்டு. நம்மிடம் இரண்டு நாள் தங்க வருபவர் அந்த நினைவோடுதான் பணம் அனுப்புகிறார். இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாட்டை எங்கள் மாவட்டத்திலேயே பார்க்கலாம். 2022ஆம் ஆண்டு முதல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். தொகை சிறியது, எதற்காக என்பது தெளிவு, கொடுத்த உடனே கையில் கிடைக்கிறது. (விருந்தினர் விட்டுச் செல்லும் பாட்டில்களைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டுக் காவலாளியின் உபரி வருமானம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஆகவே டெபாசிட்டை 2,000 ஆகக் குறைத்தேன். விருந்தினர் வந்ததும் அறைகளையும் கீசரையும் பாத்திரங்களையும் அவர் முன்னிலையிலேயே படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுகிறோம். கிளம்பும்போது காவலாளி கூடவே நடந்து பார்த்து, அவர் வண்டி வளைவைத் தாண்டுவதற்குள் யுபிஐ வழியாகப் பணத்தைத் திருப்புகிறோம். சாவி தொலைந்தால் 400, கறை படிந்த விரிப்புக்குச் சலவைக் கூலி 150 என்று எழுதிய தாள் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. உடைந்த கண்ணாடிக் குவளைக்கு எதுவும் வாங்குவதில்லை. அது வீட்டு வாடகையோடு சேர்ந்த தேய்மானம்.

சுத்தம் செய்யும் கட்டணத்தையும் தனியாக வாங்குவதை நிறுத்திவிட்டேன். ஒரு குடும்பம் போய் இன்னொரு குடும்பம் வருவதற்குள் எனக்கு ஆகும் செலவு, பெருக்கித் துடைக்க 400, சலவைக்கு 350, ஆக 750 ரூபாய். மழைக்காலத்தில் இங்கே துணி மூன்று நாளானாலும் காயாது என்பதால் சலவைக் கடையைத் தவிர வேறு வழியில்லை. ஒரே இரவு தங்கினாலும் மூன்று இரவு தங்கினாலும் அந்த 750 மாறாது. மூன்று இரவென்றால் நாளுக்கு 250 மட்டுமே விழும். அதனால் வாடகையை 4,400 ஆக்கி, சனி ஞாயிறுகளில் குறைந்தது இரண்டு இரவு என்று விதித்தேன். வாடகையைக் குறைத்துக் காட்டி மற்ற கட்டணங்களில் ஈடுகட்டும் தந்திரம் இப்போது எடுபடுவதுமில்லை. 2025 ஏப்ரல் முதல், நாள் வாடகை வீடுகளை முன்பதிவு செய்யும் ஏர்பிஎன்பி தளத்தில் உலகெங்கும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த மொத்தத் தொகையே முதலில் தெரிகிறது.

புதுச்சேரி உறுப்பினர்:

தங்கள் விருந்தினர் கம்பளியைக் கேட்டார். எனக்கு வந்தவர்கள் ஆள்கணக்கை மறைத்தார்கள். டிசம்பர் 31 அன்று ஆறு பேர் என்று சொல்லி முன்பதிவு செய்தவர்கள் இரவு பத்தரை மணிக்குப் பதினொரு பேராக வந்து நின்றார்கள். கையில் 6,000 ரூபாய் டெபாசிட் இருந்தும் எனக்கு ஒரு பயனும் இல்லை; கூடுதல் ஆளுக்கு எவ்வளவு என்று நான் எங்குமே எழுதிவைக்கவில்லை, எழுதாததைக் கழித்தால் அது பறிமுதலாகிவிடும். இப்போது ஆறுக்கு மேல் ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 600 ரூபாய், எட்டுக்கு மேல் அனுமதி இல்லை என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன்.

இன்னொரு முயற்சியில் தோற்றதையும் சொல்கிறேன். கோடையில் பால்கனிக் கதவைத் திறந்துவைத்தே ஏசி ஓட்டுகிறார்கள் என்பதற்காகத் தனி மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் பணம் கேட்டேன். அதிகபட்சம் நாளுக்கு 200 ரூபாய் கிடைத்தது. ஆனால் விடுதியில் தங்கியதுபோல் இருந்தது என்று எழுதிவிட்டுப் போனவர்கள் மூவர். மீட்டரைக் கழற்றிவிட்டு, ஏப்ரல் முதல் ஜூன் வரை வாடகையில் 300 ரூபாய் ஏற்றிவிட்டேன். ஏன் ஏற்றினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொடைக்கானல் உறுப்பினர்:

முன்பணத்தையும் டெபாசிட்டையும் ஒன்றாகக் குழப்பி நான் பட்ட பாட்டைப் பகிர்கிறேன். முன்பணம் வாடகையின் ஒரு பகுதி; டெபாசிட் விருந்தினருடைய பணம், நம்மிடம் இருப்பது அவ்வளவுதான். ஜிஎஸ்டி சட்டமும் டெபாசிட்டை நாம் கட்டணத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் வரை விலையாகக் கருதுவதில்லை. நானோ இரண்டையும் ஒரே தொகையாக 5,000 என்று வாங்கி வந்தேன். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வருவோருக்கு இ-பாஸ் (இணையத்தில் பெறும் நுழைவு அனுமதி) கட்டாயம் என்ற செய்தி வந்ததும், பாஸ் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சத்திலேயே நான்கு குடும்பங்கள் வரவில்லை. அந்த 5,000 ரூபாயில் எது முன்பணம், எது டெபாசிட் என்று என்னாலேயே சொல்ல முடியாதபோது எதைப் பிடிப்பது? முழுவதையும் திருப்பிவிட்டேன்.

2025 கோடையில் கொடைக்கானலுக்குள் வாரநாளில் நாளுக்கு 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று வரம்பு வந்தபோது என் விதி தயாராக இருந்தது: இ-பாஸ் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பும், பாஸ் கிடைத்தும் வராவிட்டால் ஓர் இரவு வாடகை போகும். டெபாசிட்டை வாசலில் சாவி கொடுக்கும்போது மட்டுமே வாங்குகிறேன்.

கோத்தகிரி உறுப்பினர்:

கம்பளி என்னவாயிற்று என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். சலவைக் கூலி 150 ரூபாயை மட்டும் வைத்துக்கொண்டு 1,650 ரூபாயைப் பெரியவருக்குத் திருப்பி அனுப்பினேன். சலவைக்குப் பிறகும் கறை முழுவதும் போகவில்லை. அந்தக் கம்பளி இப்போது எங்கள் வீட்டில், என் கட்டிலில் இருக்கிறது.